இரண்டு தகடு நீளம்

துப்பாக்கிக் கிளப்பில் காவலாளியும் அவர்தான், தோட்டாவை எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான், செயலர் வராத நாளில் செயலரும் அவர்தான், செயலர் வந்துவிட்டால் அவருக்கு டீ வாங்கி வருபவரும் அவர்தான். எல்லோரும் அவரைப் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எந்நேரமும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு திரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் இது. சுடுகிற இடத்தில் சத்தம், அடைக்கிறார், நியாயம். பஸ்ஸில் எதற்கு, மருந்துக்கடையில் எதற்கு, வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து பார்சல் சாப்பாட்டைப் பிரிக்கும்போது எதற்கு என்று கேட்டால் பதில் வராது. கேள்வி உள்ளே போனால்தானே பதில் வெளியே வரும்.

மனைவி போய் வெகு காலம் ஆகிறது. போனாள் என்றால் மேலே போகவில்லை, அண்ணன் வீட்டுக்குப் போனாள். மனிதரிடம் குடி கிடையாது, அடி கிடையாது, சந்தேகம் கிடையாது. அவரிடம் ஒரு குறையும் இல்லை, ஒரு பேச்சும் இல்லை என்று போகிற போக்கில் கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரியிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். மருந்துக்கடைக்காரியிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. மகள் ஒருத்தி உண்டு, கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். எப்போதாவது போன் செய்வாள். சாப்பிட்டியாப்பா என்பாள், சாப்பிட்டேன் என்பார். அப்புறம் என்பாள், ஒன்றுமில்லை என்பார். கட்டணம் ஏறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் தலைக்குச் சாயம் கேட்டு வந்து நின்றால் மருந்துக்கடைக்காரிக்குக் கை ஓடுமா, கால் ஓடுமா. கறுப்பா, கரும்பழுப்பா என்று கேட்டாள். எது சீக்கிரம் போகும் என்று கேட்டாராம். போவதற்கா பூசுகிறார்கள் என்று அவள் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை.

விஷயம் சாயத்தில் இல்லை, சமையல்காரம்மாவில் இருந்தது.

அவளுக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான். உயரம் மட்டும் அவர் தோளுக்குக் கீழே. ஆஸ்பத்திரிக் கேன்டீனில் உப்பில்லாச் சாப்பாட்டையும் வாயில் வைக்கிற மாதிரி சமைக்கத் தெரிந்தவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். கேன்டீனைக் காண்டிராக்டுக்கு விட்டார்கள். காண்டிராக்டர் தன் ஆட்களோடு வந்தார். இவள் இரண்டு பைகளோடு தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே போன பிறகும் சமையல்தான், சம்பளம்தான் நின்றுபோனது.

அந்த நேரத்தில்தான் வேலை ஒன்று வந்தது. பனிக்கட்டியைத் தவிர வேறெதுவும் விளையாத ஒரு தேசத்தில் ஆராய்ச்சி நிலையம். பனியை அளக்கிறவர்கள், காற்றை அளக்கிறவர்கள் என்று அங்கே கூடியிருந்த படித்தவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போட ஆள் வேண்டும். வேலை உறுதி, அறை உண்டு, ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஊரில் தெருநாய்க்குப் பதிலாக வெள்ளைக் கரடி திரிகிறது. கதவைத் தாண்டிக் கால் வைக்கிற எவரும், விஞ்ஞானியோ சமையல்காரியோ, தோளில் துப்பாக்கியோடுதான் போக வேண்டும். கரடிக்கு விஞ்ஞானத்தைவிடச் சமையலறைக் குப்பைதான் பிடிக்குமாம். ஆகவே குப்பை கொட்டப் போகிறவளுக்குக் கட்டாயம் சுடத் தெரிந்திருக்க வேண்டும். நிலையத்திலிருந்து பரிசோதகர் ஒருவர் வருவார், அவர் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும், தேறாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

பஞ்சுவிடம் சுடக் கற்றுக்கொள்ள முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது கிளப் உறுப்பினர்கள் சும்மா வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். செயலர் தன் கைப்பட ஒரு கரடியை அட்டையில் வரைந்து மண்மேட்டுக்கு முன்னால் நட்டு வைத்திருந்தார். உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது அது. இதைச் சுடணுமா உரிக்கணுமா என்று அவள் கேட்டாள். செயலரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் சுட்டாள். சுட்டாள் என்று சொல்லக் கூடாது. கண்ணை இறுக மூடினாள், முகத்தைத் திருப்பினாள், துப்பாக்கியைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி தோளை முன்னால் கொடுத்தாள், விரல் எப்போது அழுத்தியது என்று அவளுக்கே தெரியாது. குண்டு உருளைக்கிழங்குக்கு வெகு முன்னாலேயே மண்ணில் புதைந்து புழுதி கிளம்பியது. இந்தத் தடவை அவளைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

புதிதாகச் சுடுகிறவர்கள் உதை வாங்கிய பிறகு பயப்படுவதில்லை. உதை வருவதற்கு முன்பே பயந்துவிடுகிறார்கள். அதுதான் கோளாறு. பஞ்சு இதை எத்தனையோ பேரிடம் பார்த்தவர். மீசை முறுக்கியவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைச் சுட்டிருக்கிறார்கள். ஆனால் இவளிடம் அவர் இன்னொன்றையும் பார்த்தார். முதல் குண்டிலேயே பார்த்துவிட்டார்.

அந்தத் துப்பாக்கியின் கட்டை அவளுக்கு நீளம்.

போட்டிகளில் அதை வைத்துச் சுடுகிற செயலர் விளக்குக் கம்பம் மாதிரி வளர்ந்தவர். அவர் கை நீளத்துக்குத் தோதாக, தோளில் பதிகிற ரப்பருக்கும் மரக்கட்டைக்கும் நடுவில் விரல் தடிமனில் இரண்டு கறுப்புத் தகடுகளை வைத்து முடுக்கியிருந்தார்கள். குட்டையானவள் அதைத் தூக்கினால் ட்ரிக்கரை எட்டுவதற்கே எக்க வேண்டும், கழுத்தை நீட்ட வேண்டும். ரப்பர் தோள்குழியில் உட்காராமல் புஜத்து எலும்பின் முனையில் தொங்கிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் உதை வாங்கினால் குஸ்திக்காரனும் கண்ணை மூடுவான். இரண்டு திருகாணியைக் கழற்றித் தகடுகளை எடுத்துவிட்டு ரப்பரைத் திரும்ப மாட்டினால் போதும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அன்றைக்குத் திருப்புளி செயலரின் அலமாரியில் இருந்தது, செயலர் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சரி, அடுத்த வாரம் என்று பஞ்சு நினைத்துக்கொண்டார். அதில் ஒரு கள்ளமும் இல்லை. அதுவரை இல்லை.

அடுத்த வாரம் அவள் ஒரு டப்பாவோடு வந்தாள். தன் கையால் சுட்ட ரொட்டி, நடுவில் முட்டையும் வதக்கிய வெங்காயமும். பயிற்சி முடிந்ததும் தகரக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து பிரித்தாள். பாதியை அவர் பக்கம் தள்ளினாள். மனிதர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பார்சல் காகிதத்தில் வராத சாப்பாடு அவருக்கு முன்னால் வந்து எவ்வளவு காலம் ஆயிற்றோ, யார் கண்டது.

அவள் பாட்டுக்குப் பேசினாள். கேன்டீன் கதை, காண்டிராக்டர் கதை, சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் தினமும் ஜன்னல் வழியாக வந்து இனிப்புக்குக் கெஞ்சிய கதை. அவர் தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் அவள் நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பஞ்சை எடுங்க சார். நான் சொல்றதுல பாதி உங்களுக்குப் போகவே இல்ல. நானே பேசி நானே கேட்டுக்கணும்னா அதுக்குத் தங்கச்சி வீடு இருக்கே."

அவர் ஒரு காதுப் பஞ்சை எடுத்தார். ஒரு காது போதும் என்று நினைத்தாரோ, இரண்டையும் ஒரேயடியாகத் திறக்கப் பயந்தாரோ. எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கும் திருப்புளி ஞாபகம் வந்தது. அலமாரியும் திறந்துதான் இருந்தது. தகடு செயலர் வைத்தது, அவரைக் கேட்காமல் கழற்றலாமா என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். கேட்கிற தூரத்தில்தான் செயலர் நின்றார். பஞ்சு கேட்கவில்லை.

மற்றபடி அவர் சொல்லிக் கொடுத்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. காதில் பஞ்சு வைத்து அதன் மேல் காதுமூடியும் போடச் சொன்னார். பாதிப் பயம் சத்தத்தில் இருக்கிறது, சத்தம் குறைந்தால் உதையும் குறைந்த மாதிரி தோன்றும் என்றார். காலித் துப்பாக்கியின் குழல் மேல் ஒரு சில்லறைக் காசை வைத்து, காசு விழாமல் ட்ரிக்கரை அழுத்தப் பழக்கினார். விரலுக்குச் சொல்லாமல் விரலை அழுத்த வைக்க வேண்டும் என்றார். அவள் புரிந்துகொண்டு, கொதிக்கிற பாலைப் பார்த்துக்கொண்டே நின்றால் பொங்காது, கொஞ்சம் திரும்பினால் பொங்கிவிடும், அந்த மாதிரி என்றாள். அவர் வாழ்நாளில் அதைவிட நன்றாக யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

அப்புறம் டம்மி. வெடிமருந்து இல்லாத வெறும் தோட்டாவை நிஜத் தோட்டாக்களோடு கலந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரே நிரப்பிக் கொடுப்பார். எது எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. டம்மி வரும்போது டிக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும், ஆனால் குழல் ஒரு முழம் கீழே இறங்கியிருக்கும். உதையே இல்லாத இடத்தில் உடம்பு உதை வாங்கியிருக்கும். பொய் சொல்ல முடியாது. முதல் தடவை அதைப் பார்த்ததும், காலிப் பாத்திரத்துக்கே கையைச் சுட்டுக்கறேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வாரா வாரம் தேறினாள். காசு விழவில்லை. காலித் துப்பாக்கியோடு நிற்கும்போது கல் மாதிரி நின்றாள். நிஜத் தோட்டா என்று உடம்புக்குத் தெரிந்தால் மட்டும் பழைய குருடி கதவைத் திறடி. மனசு தைரியமாக இருந்தது, தோள் ஒத்துக்கொள்ளவில்லை. தோளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, அதுதானே அடி வாங்கியது. எல்லா மருந்தும் கொடுத்த வைத்தியர் காலில் தைத்த முள்ளை மட்டும் எடுக்காமல் விட்டு வைத்திருந்தார்.

ஏன் என்று கேட்டால் அவருக்கே முழுசாகச் சொல்லத் தெரியாது. தெருவுக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்கிறார். ஞாயிறு காலையில் சுடுகிற இடத்துப் பெஞ்சுகளைத் துடைத்து வைக்கிறார். உறுப்பினர்கள் கிளம்பின பிறகு, அவள் கிளம்ப வேண்டிய பஸ் போனபின், அடுத்த பஸ்ஸும் போகட்டும் என்று இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தகட்டைக் கழற்றினால் அவள் தேறிவிடுவாள். தேறினால் பனிக்கட்டி தேசத்துக்குப் போய்விடுவாள். இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது.

இருட்டு அங்கே மாதக்கணக்கில் விடியாதாமே என்று ஒரு தடவை அவர் கேட்டார். அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. அவள் ரொட்டியை மென்று முடித்துவிட்டுச் சொன்னாள்.

"இருட்டா இருந்தா என்ன சார். எனக்குன்னு ஒரு ரூம் தர்றாங்க. உள்பக்கம் தாப்பாள் இருக்கான்னு போன்லயே கேட்டுட்டேன். இருக்காம்."

இதைத் திறந்த காதால்தான் கேட்டார். கேட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்.

பரிசோதகர் வருகிற நாள் நெருங்கியது. ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. பெஞ்சைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். பஸ் வந்தது, போனது, இன்னொன்று வந்தது, இறங்கினவர்களில் அவள் இல்லை. உறுப்பினர்களில் ஒருவர் என்ன பஞ்சு, கரடிக்கு இரையாயிட்டாங்களா என்று கேட்டுக் கண்ணடித்தார். பஞ்சு எடுத்து வைத்திருந்த பஞ்சைத் திரும்பவும் காதில் அடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒருவர் வீட்டுக்கும் போகாத மனிதர் தங்கை வீட்டைத் தேடிக்கொண்டு போனார். வழி கேட்டது மருந்துக்கடைக்காரியிடம். அவளிடம்தானே சமையல்காரம்மா பஸ் மாறும்போது தோளுக்குத் தைலம் வாங்குவாள், அவளுக்குத்தான் விலாசம் தெரியும். தெரிந்ததோடு, தைலம் இப்போது பெரிய சீசாவாக வாங்குகிறாள், தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்பினாள்.

தங்கை வீட்டுக் கதவைத் தங்கை கணவர்தான் திறந்தார். நல்ல மனிதர்தான், சிரித்த முகம், அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் மூடி வைத்தால் இன்னும் நல்ல மனிதர். வாங்க வாங்க, எங்க வீட்டு வீராங்கனையைத் தேடி வந்தீங்களா, அவங்க துடைப்பத்தைத் தோள்ல வச்சு எங்களையெல்லாம் சுட்டுத் தள்ளிட்டு இப்ப அடுப்படியில ஓய்வெடுக்கறாங்க என்றார். பிள்ளைகள் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்கள். பெரியம்மா டப்புன்னு சத்தம் கேட்டாலே கண்ணை மூடிடுவாங்க, நாங்க பலூன் உடைச்சுப் பார்த்தோம் என்றது ஒன்று.

பஞ்சு உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். அது சோபா. முதுகுக்குப் பின்னால் ஏதோ திணித்து வைத்திருந்தது, திரும்பிப் பார்த்தார். மடித்த போர்வை, ஒரு தலையணை, சுருட்டிய ஒரு புடவை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இரண்டு பைகள், ஒன்றின் வாயில் சீப்பும் தைலப் புட்டியும் நீட்டிக்கொண்டிருந்தன. டி.வி. அணைகிற வரையில் அவளுக்குப் படுக்கை கிடையாது என்பதைப் புரிந்துகொள்ள அவருக்குக் காது தேவைப்படவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வலது கையைத் தூக்காமல் இடது கையால் தண்ணீர் கொடுத்தாள். வீட்டுக்குள் பேசவில்லை. தெருமுனை வரை வருகிறேன் என்று கூடவே நடந்து வந்தாள். போகும் வழியில் சொன்னாள். ஆராய்ச்சி நிலையத்துக்கு நாளைக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிடப் போகிறாளாம். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், இந்த ஒரு தோட்டாவுக்கு இவ்வளவு நடுங்குகிறாள் என்றால் உள்ளுக்குள்ளேயே ஏதோ கோளாறு. பிறவியிலேயே கோழை, இவ்வளவு நாள் தெரியாமல் இருந்திருக்கிறது.

"உங்களுக்குத்தான் வீண் சிரமம் சார். ஆனா ஒண்ணு, டெஸ்ட் போச்சுன்னா நான் எங்கயும் போகப்போறதில்ல. ஞாயித்துக்கிழமை சும்மா வர்றேன். ரொட்டி கொண்டு வர்றேன், உட்கார்ந்து டீ குடிக்கலாம்."

சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

பஞ்சு பஸ் நிறுத்தத்தில் நின்றார். கேட்காமலே கையில் வந்து விழுந்துவிட்டது. இனி அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். திருப்புளியைத் தொட வேண்டாம், தொடாமலும் இருக்க வேண்டாம். வெறுமனே பஸ் ஏறி வீட்டுக்குப் போனால் போதும். ஞாயிறு வரும், டப்பா வரும், பேச்சு வரும். வருஷக்கணக்கில் வரும். அவள் கோழையாகவே இருப்பாள், டி.வி. அணைந்த பிறகு சோபாவில் கால் நீட்டுவாள், ஞாயிறு மத்தியானம் மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள்.

பஸ் வந்தது. கண்டக்டர் ஏறுங்க என்றார். இரண்டாவது தடவையும் சொன்னார். பிறகு காதில் பஞ்சைப் பார்த்துவிட்டு, ஏதோ புரிந்த மாதிரி விசிலை ஊதிக் கிளம்பிவிட்டார்.

பஞ்சு திரும்ப அந்த வீட்டுக்கு நடந்தார். இந்தத் தடவை அவளே கதவைத் திறந்தாள். எதையாவது மறந்துவிட்டாரோ என்று சோபாப் பக்கம் பார்த்தாள்.

"நாளைக்கு ரேஞ்சுக்கு வாங்க" என்றார். "போன் பண்றதுக்கு முன்னாடி. எவ்வளவு வேலை இருந்தாலும் வாங்க."

அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவு வந்ததில்லை. அதற்காகவே வந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வார நாள், சுடுகிற இடத்தில் ஈ காக்கை இல்லை. அவள் வருவதற்கு முன்பே தகடுகளைக் கழற்றி வைத்திருக்கலாம். என்ன சார், இன்னைக்குத் துப்பாக்கி நல்ல பிள்ளையா இருக்கு என்று அவள் சொல்வாள், அவரும் ஆமாம் என்பார், விஷயம் அத்தோடு போயிருக்கும். மருந்துக்கடைக்காரியாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள், நாமும் அப்படித்தான். இந்த மனிதர் என்ன நினைத்தாரோ, அவள் கண் முன்னாலேயே பெஞ்சில் துப்பாக்கியைப் படுக்க வைத்துத் திருப்புளியை எடுத்தார். ரப்பர் கழன்றது. ஒரு தகடு, இன்னொரு தகடு. பெஞ்சு மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரப்பரைத் திரும்ப முடுக்கி அவள் கையில் கொடுத்தார்.

அவள் தோளில் வைத்தாள். எக்கவில்லை. கழுத்து நீளவில்லை. கட்டை நேராகப் போய்த் தோள்குழியில் உட்கார்ந்தது. அடிபட்ட எலும்பு மேல் அது படவே இல்லை. அவள் புருவம் லேசாகச் சுருங்கியது. வலி மிச்சம் இருக்கும் என்று மெல்லிசான துண்டொன்றையும் மடித்து நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

முதலில் டம்மி. டிக். குழல் அசையவில்லை. இன்னொரு டம்மி. அதற்கும் அசையவில்லை. மூன்றாவது நிஜம். வெடித்தது, துப்பாக்கி பின்னால் வந்தது, உதையாக வராமல் கூட்டத்தில் யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளிவிட்டுப் போகிற மாதிரி வந்து போயிற்று. அவள் கண் திறந்தே இருந்தது. உருளைக்கிழங்கின் வயிற்றில் ஒரு ஓட்டை.

சிரித்தாள். உரக்கச் சிரித்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள், அவர் சிரிக்கவில்லை. அப்புறம் அவள் பார்வை பெஞ்சு மேல் கிடந்த தகடுகளுக்குப் போயிற்று. குழம்பில் உப்புக் கூடினால் எந்தக் கட்டத்தில் யார் கையால் கூடியது என்று கண்டுபிடிக்கிறவள் அவள். துப்பாக்கியைக் காலி செய்து, அவர் சொல்லிக் கொடுத்தபடியே திறந்து வைத்துவிட்டு, காதுமூடியைக் கழற்றினாள்.

"இது எப்போத்துலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"மொத நாளே."

"மொத நாளேவா."

"மொத குண்டுலயே."

அவர் காதுகள் இரண்டும் அன்றைக்குத் திறந்திருந்தன. எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், முழுசாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்திருப்பார் போலும். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தகடு ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள், பழைய பாத்திரத்தில் ஓட்டை தேடுகிற மாதிரி.

"வீட்ல எல்லாரும் கோழைன்னாங்க சார். நானும் சரின்னுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். தகட்டைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் தோட்டா இருக்கா என்று கேட்டாள். இருந்ததையெல்லாம் சுட்டாள். நின்று சுட்டாள், முழங்கால் போட்டுச் சுட்டாள், உருளைக்கிழங்கைச் சல்லடையாக்கினாள். முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டாள். அன்றைக்கு டப்பாவும் இல்லை, டீயும் இல்லை.

அதற்குப் பிறகு பரிசோதனை நாள் வரை பயிற்சிக்கு வந்தாள். நேரத்துக்கு வந்தாள், சொன்னதைச் செய்தாள், நேரத்துக்குப் போனாள். வணக்கம் சார், வரேன் சார். ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வார்டு தட்டு வைத்துவிட்டுப் போகிறவர்கள் பேசுகிற பேச்சு. பஞ்சு பெஞ்சைத் துடைத்து வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பரிசோதகர் வந்தார். குண்டாக, குளிருக்குப் பிறந்தவர் மாதிரி இருந்தார். புது அட்டை, புதுக் கரடி. செயலர் இந்தத் தடவை அதற்குப் பல்லும் வரைந்திருந்தார். சமையல்காரம்மா துப்பாக்கியை எடுத்தாள், நிறுத்தாமல் சுட்டாள், எல்லாம் கரடியின் நெஞ்சைச் சுற்றி விழுந்தன. பரிசோதகர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே சமையல் எப்படி இருக்குமோ தெரியாது, குப்பைத் தொட்டி பத்திரமாக இருக்கும் என்றார். செயலர் எங்கள் கிளப்பின் பயிற்சி முறையே தனி என்று ஆரம்பித்து அவரை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். முதல் நாள் சிரித்தவர்கள்தான், அது அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

பஞ்சு குனிந்து தரையில் சிதறின காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். அவள் நின்றிருந்தாள், தோளில் பை.

அங்கே கொடுக்கிற துப்பாக்கியும் நீளமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். வேலை விஷயமாகக் கேட்கிற குரல்.

அவர் எழுந்து, கிளப் துப்பாக்கியைத் திறந்து காலியா என்று பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தார். முழங்கையை மடக்கி, மடிப்புக்குள் ரப்பரை வைத்துப் பார்க்கச் சொன்னார். விரல் சிரமமில்லாமல் ட்ரிக்கரை எட்டினால் அது உங்கள் அளவு, எட்டவில்லை என்றால் நீளம், கூச்சப்படாமல் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்றார். அவள் வைத்துப் பார்த்தாள். எட்டியது. இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா."

"இவ்வளவுதான்."

"இதை மொத நாள் சொல்லியிருக்கலாமே சார்."

பஞ்சு கையிலிருந்த காலித் தோட்டாக்களைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா நீங்க சீக்கிரம் கத்துக்கிட்டிருப்பீங்க. அப்புறம் எதுக்கு வரப்போறீங்க."

அவள் துப்பாக்கியை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். பையைத் தோளில் சரி செய்துகொண்டாள். முதல் தடவையாக அவள் முகத்தில் கோபம் தெரிந்தது, கோபமா இல்லை வேறா என்று பிரித்துச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

"வந்திருப்பேன்" என்றாள். "கிளம்பற நாள் வரைக்கும் வந்திருப்பேன். தோள் வலிக்காம வந்திருப்பேன்."

பஸ் ஹாரன் அடித்தது. அவள் அவசரப்படாமல் நடந்து போய் ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாளா, மறுபக்கம் உட்கார்ந்தாளா என்பது புழுதியில் தெரியவில்லை.

பஞ்சு துப்பாக்கியை உள்ளே கொண்டுபோய் வைத்தார், செயலர் அதை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார். கட்டையைக் குட்டையாக்கியது யார், என்னைக் கேட்காமல் எவன் கை வைத்தது, நாளைக்குப் போட்டிக்கு நான் எதை வைத்துச் சுடுவது, குழந்தை பொம்மையையா என்று சத்தம் போட்டார். பஞ்சு தகடுகளைத் தேடி எடுத்தார். ஒன்றை வைத்தார், அதன் மேல் இன்னொன்றை வைத்தார், ரப்பரை வைத்துத் திருகாணியை முடுக்க ஆரம்பித்தார். எவ்வளவு நேரம் பஞ்சு, இது ஒரு வேலையா என்று செயலர் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

இல்லை சார், சின்ன வேலைதான் என்றார் பஞ்சு.